நிறமும் நயப்பும்

சுவையைப் பற்றி வழக்காடுதல் வீண் என்பது மேலைநாட்டாரிடையே வழங்கும் ஒரு பழமொழி. ஒருவனுக்கு இனிப்பது மற்றொருவனுக்குக் கைக்கும். அதற்கு நியாயங் கேட்பார் இலர். காதலும் அத்தகையதே என்பர் பலர். யாரை விரும்புவது, யாரை விரும்பாது விடுவது என்பன ஒருவரின் அந்தரங்கத்தைச் சார்ந்தவை. அங்கே பிறர் நுழைதல் நாகரிகமன்று. இக்கொள்கையில் உண்மை உண்டு. ஆயினும், புகழ்பெற்ற ஒருவர் தம் விருப்பத்தை ஊரறிய வெளியிடும்பொழுது, அதுவும் ஓரினத்துப் பெண்கள் அனைவரையும் ஒருங்கே விலக்கி வெளியிடும்பொழுது, அது அந்தரங்கமாக நில்லாது கருத்தாகிவிடுகின்றது. கருத்தாகிய எதுவும் ஆராய்ச்சிக்குரியதே.

2010 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் ஜோன் மேயர் பிளேபோய் என்னும் சஞ்சிகைக்கு ஒரு பேட்டி அளித்தார். கறுப்பினப் பெண்களைப் பற்றிய வினாவுக்கு விடை கூறுகையில், தம் உள்ளம் எல்லா இனத்தாருக்கும் திறந்திருப்பதென்றும், தம் உடலோ வெள்ளையினவெறியர் ஒருவரைப் போன்றதென்றும் கருத்துப்பட, இங்கே எழுதத் தகாத சொற்களாற் பேசினார். கண்டனம் எழுந்தது, அவரும் மன்னிப்புக் கோரினார். அவருடைய குணநலத்தை எடைபோடுதல் ஈண்டு நோக்கமன்று. அவர் சொல்லிய முறையே நோக்கத்தக்கது. உள்ளத்தையும் உடலையும் அவர் இரண்டாகப் பிரித்தார். உள்ளம் குற்றமற்றது, உடலோ தனக்கென ஒரு விதியுடையது, அவ்விதியை ஆக்கியவர் எவருமிலர் என்பதே அப்பிரிவின் உட்கிடை. உடலின் விருப்பம் உண்மையில் எவராலும் ஆக்கப்படாததா? இவ்வினாவுக்கு அமெரிக்க வரலாறு ஒரு விடை தருகின்றது. அந்நாட்டு நாவலாசிரியர்கள் அதனினும் நுட்பமான விடையைத் தந்துள்ளனர்.

முதலில் வரலாற்றை நோக்குதல் தகும். 1662 ஆம் ஆண்டில் வேர்ஜீனியாக் குடியேற்றநாட்டின் சட்டசபை ஒரு விதி செய்தது. பிறக்கும் பிள்ளை அடிமையோ அன்றோ என்பது தாயின் நிலைகொண்டே துணியப்படும் என்பது அவ்விதி. ஆங்கிலேயரின் பழைய வழக்கோ தந்தையின் நிலையைப் பிள்ளைக்கு ஏற்றுவது. அவ்வழக்கைத் தலைகீழாக்கிய இச்சட்டத்தின் பயன் வெளிப்படை. அடிமைப் பெண்ணிடத்து எஜமான் பெற்ற பிள்ளை அவனுக்கு மகவாகாது, சொத்தாயிற்று. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்தல் 1808 ஆம் ஆண்டு தொடக்கம் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னர், அடிமைப் பெண்ணின் கருப்பையே அடிமைச் செல்வத்தின் ஊற்றாகியது. இக்கொடுமைக்கு ஒரு சமாதானம் வேண்டியிருந்தது. எஜமானிடத்துக் குற்றம் இல்லை, அப்பெண்ணே காமவெறியள் என்று கூறிவிட்டால் மனச்சாட்சி உறங்கும். விவிலியத்தில் வரும் அரசி யேசபேலின் பெயரை அவளுக்கு இட்டனர். இதுவே முதல் வார்ப்பு.

இரண்டாவது வார்ப்பு 'மாமி' எனப்படும் செவிலி. பருத்த உடல், தலையிற் கட்டிய துணி, நீங்காத சிரிப்பு, வெள்ளைக் குழந்தைகளிடத்து அளவிறந்த அன்பு, தனக்கென ஒரு வாழ்வின்மை என்பன அவள் இலக்கணம். 1939 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோன் வித் த வின்ட்' என்னும் திரைப்படத்தில் இப்பாத்திரம் தாங்கிய ஹற்றி மக்டானியல், 1940 இல் ஒஸ்கார் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. விருதளித்த விழாவில் அவர் தம் உடன் நடிகரோடு அமராது, வேறாக இட்ட ஒரு மேசையில் அமர்த்தப்பட்டார் என்பதும் அறியத்தக்கது. மூன்றாவது வார்ப்பு 'சபையர்'. 1928 இல் தொடங்கிய 'ஏமொஸ் அன் அன்டி' என்னும் வானொலி நகைச்சுவைத் தொடரில், கணவனை ஓயாது கடிந்துகொள்ளும் மனைவியின் பெயர் அது. சினமும் வாய்வீச்சுமே கறுப்பினப் பெண்ணின் இயல்பு என்னும் எண்ணம் அப்பெயரோடு பரவிற்று. 1965 இல் டானியல் மொய்னிகன் அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கை, கறுப்பினக் குடும்பங்களின் தாழ்வுக்குத் தாயின் ஆட்சியை ஒரு காரணமாகக் காட்டியபொழுது, நகைச்சுவைத் தொடரின் பாத்திரம் சமூகவியலின் உடையணிந்து வந்தது எனலாம்.

இம்மூன்றும் தம்முள் முரணுவன. ஒருத்தி காமம் மிக்கவள். மற்றவள் காமமே அற்றவள். இன்னொருத்தி அன்பையே விரட்டுபவள். ஒரே இனத்துப் பெண் இம்மூன்றுமாதல் எவ்வாறு என்று எவரும் வினாவவில்லை. வார்ப்புகள் உண்மையைக் கூறுதற்கு எழுந்தவையல்ல, பயன் கருதி எழுந்தவை என்பதற்கு இம்முரண்பாடே சான்று. முதலாவது, அடிமை உடையவனுக்குப் பயன்பட்டது. இரண்டாவது, அடிமைக் காலத்தை இனிய காலமென நினைவுகூர விரும்பியவருக்குப் பயன்பட்டது. மூன்றாவது, அவள் முறையீட்டைச் செவிமடுக்க விரும்பாதவருக்குப் பயன்பட்டது. டெபொறா கிறே வைற் என்னும் வரலாற்றாசிரியை 1985 இல் வெளியிட்ட தம் நூலில், யேசபேல், மாமி ஆகிய இரண்டையும் அடிமைப் பெண்களின் உண்மை வாழ்வோடு ஒப்பிட்டு, இவை எத்துணைப் புனைவுகள் என்பதைத் தெளிவாக்கினார். ஈண்டு உய்த்துணரத்தக்கது ஒன்றுண்டு. இம்மூன்று வார்ப்புகளுக்கிடையே ஓர் இடம் வெறுமையாக உள்ளது. நாணமும் கனவும் அச்சமும் உடைய, காதலிக்கவும் காதலிக்கப்படவும் உரிய இளம்பெண்ணின் இடமே அது.

திரைப்படம் அவ்வெறுமையைச் சட்டமாக்கிற்று. ஹொலிவூட்டின் தயாரிப்பு விதிக்கோவை வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான காதலைத் திரையிற் காட்டுதலைத் தடுத்தது. 1956 இலேயே அத்தடை நீங்கியது. பாடகியும் பேரழகியுமாகிய லேனா ஹோர்ன் தோன்றும் பாடற்காட்சிகள் பல, கதையோடு ஒட்டாது தனியே படமாக்கப்பட்டன. தென்மாநிலத் திரையரங்குகளில் அக்காட்சிகளை வெட்டிவிடுதல் எளிதாயிருத்தற்பொருட்டே அவ்வாறு செய்தனர். 1951 இல் 'ஷோ போட்' படமாகியபொழுது, கலப்பினத்தவளாகிய ஜூலியின் பாத்திரம் வெள்ளையரான ஏவா கார்ட்னருக்கு அளிக்கப்பட்டது. 'இமிற்றேஷன் ஒவ் லைவ்' என்னும் கதை இருமுறை படமாயிற்று. 1934 இல் வெள்ளைத் தோற்றமுடைய கறுப்பினப் பெண்ணாக நடித்தவர் ஆபிரிக்க வழிவந்த பிரெடி வொஷிங்டன். 1959 இல் அப்பாத்திரத்துக்குக் காதற்காட்சிகள் மிகுந்தபொழுது, அவ்வினத்தைச் சாராத சூசன் கோனர் அதனை ஏற்றார். காதலி என்றவுடன் கறுப்பினப் பெண் திரையினின்றும் மறைகின்றாள். அவள் சாயல் மட்டும் எஞ்சுகின்றது. இப்படங்களைக் கண்டு வளர்ந்த தலைமுறைகளின் 'உடல் விருப்பம்' எவராலும் ஆக்கப்படாதது என்று கூறுதல் பொருந்துமா?

இனி இலக்கியத்தை நோக்குவோர்க்கு முதலில் எதிர்ப்படுவது வாலஸ் தேர்மன் 1929 இல் வெளியிட்ட 'த பிளாக்கர் த பெரி' என்னும் நாவல். நியூ யோர்க்கின் ஹார்லெம் பகுதியில் எழுந்த கறுப்பின இலக்கிய மறுமலர்ச்சியின் விளைவு அது. கதைத்தலைவி எமா லூ மோர்கன், ஐடஹோ மாநிலத்துப் பொய்சி நகரில், வெளிர்நிறத்தையே குலப்பெருமையாகக் கொண்ட தாய்வழிக் குடும்பத்திற் கருநிறத்தோடு பிறக்கின்றாள். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயிலச் செல்கின்றாள். அங்குள்ள கறுப்பின மாணவரின் உயர்ந்த கூட்டம் அவளைச் சேர்ப்பதில்லை. ஹார்லெமுக்குச் செல்கின்றாள், தகைமைக்கேற்ற வேலை கேட்கும் இடத்திலும் நிறமே தடையாகின்றது. பின்னர் அல்வா என்னும் இளைஞனைக் காதலிக்கின்றாள். அவன் அவள் பணத்தை விரும்புகின்றான்; அவளோடு காணப்படுதலை விரும்புவதில்லை. தன் நண்பர் கூடும் இடங்களுக்கு அவளை அழைத்துச் செல்லத் தயங்குகின்றான். தனிமையில் ஏற்று, சபையில் மறுக்கும் இக்காதல் ஒருதலைக் காமத்தினும் இழிந்தது. கைக்கிளையில் விரும்பாமை மட்டுமே உண்டு. இங்கோ ஏமாற்றும் உடனுண்டு.

இந்நாவலின் சிறப்பு அல்வாவின் சிறுமையைக் காட்டியதில் இல்லை. அதனினும் அரியதொன்றை ஆசிரியர் துணிந்து காட்டினார். எமா லூவும் அதே கண்ணாற் பார்க்கின்றாள். ஹார்லெமில் அவளை முதலில் நயந்த ஜோன் என்பவன் நல்லவன், எனினும் கருநிறத்தன். ஆதலின் அவனை ஒதுக்கிவிடுகின்றாள். தன்னைப் புண்படுத்திய அளவுகோலைக் கையில் எடுத்து மற்றவரை அளக்கின்றாள். நிறத்தை வெளுப்பிக்கும் பூச்சுகளையும் நாடுகின்றாள். தாழ்த்தப்பட்டவர், தம்மைத் தாழ்த்துவோரின் சுவையையே தம் சுவையாகக் கொள்ளுதல் எத்துணை எளிது என்பதை இதனினும் நேர்மையாகக் கூறிய நூல் அக்காலத்தில் அரிது. விருப்பம் கற்பிக்கப்படுவது என்பதற்கு வேறு சான்று வேண்டா. தன் நிறத்தையே வெறுக்கும்படி எவ்வுயிரையும் இயற்கை படைப்பதில்லை.

குறைகளும் உள. ஆசிரியர் கதையை நிகழவிடாது இடையிடையே விளக்கவுரை செய்கின்றார். வாடகைப் பணம் திரட்டும் விருந்தொன்றில் கற்றறிந்த இளைஞர் நிறவேற்றுமையைப் பற்றி நெடிது உரையாடும் பகுதி, நாவலினின்றும் கழன்று கட்டுரையாகி நிற்கின்றது. எமா லூவின் துன்பத்துக்கு எப்பொழுதும் நிறம் ஒன்றே காரணமா, அவளுடைய ஐயமும் காரணமா என்பதில் ஆசிரியரின் தீர்ப்புத் தடுமாறுகின்றது. ஆயினும் இத்தடுமாற்றத்திலும் ஓர் உண்மை உண்டு. பலமுறை அடிபட்டவள், அடி விழாத இடத்திலும் கையை உயர்த்திக் காத்துக்கொள்கின்றாள். எது அடி, எது நிழல் எனப் பிரித்தறியும் ஆற்றலை அவளிடமிருந்து பறித்தவர் எவர் என்பதே கேள்வி.

அக்கேள்வியை ஆழத்திற்குக் கொண்டுசென்றவர் ரோனி மொறிசன். அவருடைய முதல் நாவலாகிய 'த புளுவெஸ்ற் ஐ' 1970 இல் வெளிவந்தது. 1993 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ஒஹையோ மாநிலத்து லொறெயின் நகரில் 1941 ஆம் ஆண்டளவில் நிகழ்வது இக்கதை. பெக்கோலா என்னும் கறுப்பினச் சிறுமி நீலக் கண்கள் வேண்டுமென்று ஏங்குகின்றாள். அக்கண்கள் கிடைத்தால் தன்னை யாவரும் நேசிப்பர் என்பது அவள் நம்பிக்கை. அவள் தாய் போலின், இளமையில் திரையரங்கின் இருளில் அமர்ந்து அழகின் இலக்கணத்தைக் கற்றவள். ஜீன் ஹார்லோ என்னும் நடிகையைப் போலத் தலைமுடியை ஒப்பனை செய்தவள். அங்கே கற்ற அளவுகோலால் முதலில் தன்னையும், பின்னர்த் தன் மகளையும் அளந்து, இருவரையும் குறைவுடையோராகக் காண்கின்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்னும் பழமொழி பொய்த்துப்போகும் இடம் இது. பழமொழியைப் பொய்ப்பித்தது இயற்கையன்று, திரைப்படம்.

தேர்மனுக்கும் மொறிசனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. தேர்மன், ஆடவர் ஏன் இவளை விரும்பவில்லை என்று கேட்டார். மொறிசன், இவளைப் பார்க்கும் கண்ணை ஆக்கியவர் யார் என்று கேட்டார். ஆதலின் அவர் கதையை இளம்பெண்ணிடத்துத் தொடங்காது சிறுமியிடத்துத் தொடங்கினார். கிளோடியா என்னும் மற்றொரு சிறுமி, பரிசாகக் கிடைத்த வெள்ளைப் பொம்மையைப் பிய்த்து, அதன் அழகு எங்கே ஒளிந்துள்ளது என்று தேடுகின்றாள். இலக்கியத் திறனாய்வு செய்யவேண்டிய தொழிலை ஒரு குழந்தை செய்துகாட்டிய இடம் அது. பொம்மை பற்றிய இக்காட்சி வெறும் கற்பனையுமன்று. கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலறிஞர் தம்பதியர் 253 கறுப்பினக் குழந்தைகளிடம் இருநிறப் பொம்மைகளைக் காட்டி வினாவியபொழுது, பெரும்பாலார் வெள்ளைப் பொம்மையையே நல்லதென்றனர். 1954 இல் பாடசாலைகளில் இனப்பிரிவினை செல்லாதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபொழுது இவ்வகை ஆய்வுகளும் சுட்டப்பட்டன.

விலக்கப்படுதல் ஒன்றே வார்ப்பின் விளைவு எனக் கொள்ளுதலும் தவறாகும். விரும்பப்படுதலும் வார்ப்பாகலாம். தென்னாபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட சாரா பார்ட்மன் 1810 இல் இலண்டனிற் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டாள். 1815 இற் பாரிசில் இறந்தபின் அவள் உடலும் அறுத்து ஆராயப்பட்டு நூதனசாலையில் வைக்கப்பட்டது. 2002 இலேயே அவளுடைய எஞ்சிய பகுதிகள் தாய்நாடு சேர்ந்தன. 1925 இற் பாரிஸ் சென்ற ஜோசபின் பேக்கரை அந்நகரத்தார் கொண்டாடினர். ஆயினும் அவர்கள் முதலிற் கொண்டாடியது வாழைப்பழப் பாவாடை அணிந்து ஆடிய, காட்டின் மகளாகத் தாம் கற்பனைசெய்த ஓர் உருவத்தையே. 'எனக்குக் கறுப்பினப் பெண்களையே பிடிக்கும்' என்று புகழ்பெற்றோர் கூறுவதும் ஒவ்வோரிடத்து இத்தன்மையதே. புகழ்மொழியாயினும் அதிலும் ஆள் இல்லை. இனம் மட்டுமே உண்டு.

இக்காலத்திலும் இவ்வளவுகோல் மறைந்துவிடவில்லை. 2015 இல் வெளிவந்த 'ஸ்ரெயிற் அவுற்றா கொம்ப்ரன்' என்னும் படத்துக்குத் துணைநடிகையரைத் தேடிய நிறுவனம் ஒன்று 2014 இல் ஓர் அறிவித்தல் விடுத்தது. பெண்கள் நான்கு தரமாக வகுக்கப்பட்டனர். வெளிர்நிறத்தார் மேலே வைக்கப்பட்டனர். வறியவராகவும் உடற்கட்டு அற்றவராகவும் கருநிறத்தவராகவும் உள்ள கறுப்பினப் பெண்கள் கடைசித் தரத்தில் வைக்கப்பட்டனர். கறுப்பினக் கலைஞரின் வரலாற்றைக் கூறும் படத்துக்கே இவ்வறிவித்தல் எழுந்தது என்பது கருதத்தக்கது. நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. 2011 இல் ஓர் உளவியல் ஆய்வாளர், கறுப்பினப் பெண்களின் கவர்ச்சி குறைவென அறிவியலின் பெயரால் எழுதிய கட்டுரையை, அதனை வெளியிட்ட 'சைக்கோலொஜி டுடே' சஞ்சிகை கண்டனத்தின் பின் நீக்கிற்று. பியூ ஆய்வு நிலையத்தின் கணக்கின்படி, 2015 இல் அமெரிக்காவிற் புதிதாக மணந்த கறுப்பின ஆடவருள் நூற்றுக்கு 24 பேர் பிற இனத்தாரை மணந்தனர். பெண்களுள் 12 பேரே அவ்வாறு மணந்தனர். கணக்கு காரணத்தைக் கூறாது; பெண்களுட் பலர் தம்மினத்தாரையே விரும்பியிருத்தலுங் கூடும். ஆயினும் ஒவ்வொருவரின் சுவையும் தற்செயலானதாயின், இருபாலாரிடையே இத்துணை ஒழுங்கான வேறுபாடு தோன்றுதற்கு இடமில்லை.

இங்கே ஒரு தடை எழுதல் இயல்பு. காதலைக் கட்டளையிட்டுப் பெறலாமா? ஒருவன் ஓரினத்துப் பெண்ணை விரும்பாமை குற்றமெனின், விரும்பும்படி அவனை வற்புறுத்துவதா? அன்று. எவரையும் நேசிக்கும் கடமை எவருக்கும் இல்லை. கறுப்பினப் பெண்கள் அதனைக் கேட்கவும் இல்லை. ஒரு பெண்ணை அறிந்து விரும்பாமை வேறு; அறியுமுன்னரே அவள் இனத்தார் யாவரையும் தள்ளுதல் வேறு. முன்னையது தெரிவு, பின்னையது தீர்ப்பு. தெரிவு செய்பவன் அதற்கு விடைகூற வேண்டியதில்லை. தீர்ப்பைச் சபையில் உரைப்பவன் விடைகூறக் கடமைப்பட்டவன். ஏனெனில் அவன் சொல்லைக் கேட்பவருள் பதினைந்து, பதினாறு வயதுடைய பெண்களும் உளர். தம்மை நேரிற் கண்டறியாத ஒருவர் தம்மைப் பற்றி முடிவுசெய்துவிட்டார் என்பதை அவர்கள் அன்று கற்றுக்கொள்கின்றனர். பெக்கோலா கற்ற பாடமும் அதுவே.

ஆதலின் காதலைப் பொருளாகக் கொண்ட கதையையோ படத்தையோ மதிப்பிடுவோர் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று உள. கறுப்பினப் பெண்ணுக்கு அப்படைப்பிற் பெயரும் இளமையும் உண்டா? அவள் உள்ளத்தில் நிகழ்வதைப் படிப்போர் அறிகின்றனரா? தன்னை விரும்புவோரை ஏற்கவும் மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டா? முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லையாயின், அவள் இன்னும் பிறர் தெரிவுக்குக் காத்துநிற்கும் பண்டமே. தேர்மனின் நாவல், தன் குறைகள் அனைத்தோடும், இம்மூன்றாவது வினாவுக்கு விடைகூறியமையாலேயே நிலைபெற்றது. அதன் முடிவில் எமா லூ, அல்வாவின் நோயுற்ற குழந்தையைப் பேணி, அவனுக்கும் பணிவிடை செய்து, இறுதியில் அவன் உண்மை நிலையைக் கண்ணாற் காண்கின்றாள். அதுவரையும் யார் தன்னை ஏற்பார் என்று கேட்டுக்கொண்டே அலைந்தவள், அன்று பெட்டியைக் கட்டத் தொடங்குகின்றாள். அவன் தடுத்தும் நிற்கவில்லை. அவளை விரும்புவோர் தொகை அதனாற் கூடவில்லை. விரும்பப்படுதலே தன் மதிப்பின் அளவு என்னும் எண்ணம் மட்டும் அன்று அவளிடமிருந்து நீங்கிற்று.